சொல்லுக்கும் சொந்தம் உண்டு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் அட்கின்சன், வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தார். அங்கே 12 வயதுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சொற்புதிர்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இதற்கு அது என்றால், அதற்கு எது?’ என்று கேட்கும் புதிர்கள். கல்லூரி நுழைவுத் தேர்வை எழுத அவர்களுக்கு இன்னும் நான்கைந்து வருடம் இருந்தது. கதைப் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டிய வயதில், புத்தகத்திலிருந்து பிய்த்தெடுத்த ஒற்றைச் சொற்களை இப்படி உருட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை.

2001 பிப்ரவரியில் வாஷிங்டனில் கல்வியாளர்கள் கூடிய அவையில் அட்கின்சன் இந்தக் காட்சியைச் சொன்னார். எஸ்.ஏ.டி. என்கிற அந்த நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைத் தங்கள் பல்கலைக்கழகம் இனிக் கேட்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தார். ஒவ்வொரு வருடமும் பல்லாயிரம் மாணவர்கள் இடம் கேட்டு வரிசையில் நிற்கும் பல்கலைக்கழகத்தின் தலைவரே இப்படிச் சொன்னதும் நாடு முழுக்க அது பேச்சானது. 2005இல் அந்தச் சொற்புதிர்ப் பகுதியையே தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். அட்கின்சனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

எஸ்.ஏ.டி. பிறந்தது 1926இல். ஜூன் 23ஆம் தேதி சுமார் 8,000 பேர் எழுதினார்கள். 97 நிமிடம், 315 கேள்விகள். கேள்வியை வாசித்து முடிப்பதற்கே நேரம் போதாது. உருவாக்கியவர் பிரின்ஸ்டனைச் சேர்ந்த உளவியலாளர் கார்ல் பிரிகம். முதல் உலகப் போரின்போது 17 லட்சம் படைவீரர்களுக்கு வைத்த அறிவுச் சோதனையின் வழியில்தான் அவர் இதை அமைத்தார். எந்த இனத்துக்கு அறிவு அதிகம், எந்த இனத்துக்குக் குறைவு என்று 1923இல் ஒரு புத்தகமும் எழுதியவர் அவர். ஏழே வருடத்தில், 1930இல், தன் முடிவுகளுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் தேர்வு வளர்ந்துவிட்டது. பரம்பரைப் பணக்காரர்களின் பிள்ளைகளுக்கு அப்பாலும் திறமைசாலிகளைத் தேடிய ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1930களில் இதைக் கையில் எடுத்தார். அவருக்கு இது ஏழைப் பிள்ளைக்குத் திறக்கும் கதவாகத் தெரிந்தது.

அந்தக் கதவுக்குக் காவல் நின்றவை சொற்கள். எதிர்ச்சொல் கேட்டார்கள், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள், புதிர் போட்டார்கள். அந்தப் புதிர்களில் ஒன்று இன்றுவரை அமெரிக்கக் கல்வி விவாதங்களில் தலைகாட்டுகிறது. ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, அப்படி வேறு யாருக்கு எது? விடை: துடுப்பு வலிப்பவருக்கு ரெகாட்டா. ரெகாட்டா என்றால் படகுப் போட்டி. ஏரிக்கரையில் வீடும், அப்பாவுக்குப் படகுக் குழாமில் உறுப்பினர் அட்டையும் இருக்கிற பிள்ளைக்கு அது வீட்டில் புழங்கும் சொல். சிகாகோவின் நெரிசலான தெருவில் வளர்ந்த பிள்ளை அதை எங்கே கேட்டிருக்கும்? அந்தக் கேள்வி அறிவைத்தான் அளந்ததா, விடுமுறையை எங்கே கழித்தாய் என்பதை அளந்ததா என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

தேர்வு வந்தால் பயிற்சியும் வரும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்த ஸ்டான்லி கேப்லன், வீட்டு நிலவறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். 1946இல் எஸ்.ஏ.டி.க்கும் சொல்லித்தர ஆரம்பித்தார். ‘இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துப் பலனில்லை’ என்று நடத்துபவர்கள் பல வருடம் அடித்துச் சொல்லிவந்தார்கள். 1979இல் அரசின் வணிக ஆணையமே ஆராய்ந்து, பயிற்சியால் மதிப்பெண் கூடத்தான் செய்கிறது என்று அறிக்கை கொடுத்தது. இதற்கிடையே ‘பேரன்ஸ்’ என்ற பதிப்பகம் 3,500 சொற்களை அகரவரிசையில் அடுக்கி வழிகாட்டி போட்டது. சென்னையில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்க மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. எழுதிய ஒரு தலைமுறைக்கும் அந்தப் பட்டியல் நன்றாகத் தெரியும். ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும் தலைகீழ்ப் பாடமாகி, ‘எம்’ வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும் பட்டியல் அது.

கடினமான சொல் என்றாலே அது பணக்காரர் பக்கம்தான் சாயும் என்று நாம் நினைப்போம். அந்த நினைப்பை ஒரு ஆய்வு அசைத்துப் பார்த்தது. இந்தத் தேர்வுகளைத் தயாரித்த நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ராய் ஃப்ரீடில், 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே அளவு மொத்த மதிப்பெண் எடுத்த வெள்ளையின மாணவரையும் கறுப்பின மாணவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எளிய கேள்விகளில் கறுப்பின மாணவர் பின்தங்குகிறார், கடினமான கேள்விகளில் சற்று முந்துகிறார் என்றார். அவர் சொன்ன காரணம் யோசிக்க வைப்பது. எளிய சொல் வீட்டிலும் தெருவிலும் புழங்குவது. ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் அதன் பொருள் கொஞ்சம் கொஞ்சம் மாறும். கடினமான சொல்லை எல்லோரும் பள்ளியிலும் புத்தகத்திலும்தான் கற்கிறார்கள், ஆகவே அதன் பொருள் எல்லோருக்கும் ஒன்று. பின்னால் வந்த ஆய்வுகளில் சில அவரை ஆதரித்தன, சில மறுத்தன. இருந்தாலும், கடினச் சொல்லை ஒழித்துவிட்டால் தேர்வு தானாக நியாயமாகிவிடும் என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாதபடி அந்தக் கட்டுரை செய்துவிட்டது.

1994இல் எதிர்ச்சொல் போனது. 2005இல் புதிர் போனது. 2016இல் கோடிட்ட இடத்து ஒற்றை வாக்கியங்களும் போயின. யாரும் வாழ்க்கையில் பேசாத சொற்களுக்குப் பதில், கல்லூரிப் பாடங்களில் திரும்பத் திரும்ப வரும் ‘எம்பிரிக்கல்’, ‘சிந்தசிஸ்’ போன்ற சொற்களைக் கேட்போம் என்றார்கள். 2024 முதல் அமெரிக்க மாணவர்கள் கணினியில் எழுதும் தேர்வில் வாசிப்பு, எழுத்துப் பகுதிக்கு 54 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு சின்னப் பத்தி. சொல்லைச் சோதிக்கும் கேள்விகளில், அந்தப் பத்திக்குள் எந்தச் சொல் பொருந்தும், அங்கே உட்கார்ந்திருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்றுதான் கேட்பார்கள்.

எப்படிக் கேட்பார்கள் என்பதற்கு ஒரு மாதிரியைத் தமிழில் போட்டுப் பார்க்கலாம். “இந்த ஓவியத்தை வரைந்தவர் இவர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஓவியத்தில் கையெழுத்து இல்லை. அவருடைய கடிதங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தூரிகை வீச்சு ஒத்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லப்படும் இந்தத் தொடர்பு ____ என்றே தோன்றுகிறது.” நான்கு விடைகள்: கன்க்ளூசிவ், டெனுவஸ், நாவல், கோப்பியஸ்.

அவசரக்காரப் பிள்ளை நேராக விடைகளுக்குப் போகும். நிதானமான பிள்ளை விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் தன் சொந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்கும். கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை, மிஞ்சியது ஒரே ஒரு சாட்சி. அப்படியானால் தொடர்பு ‘பலவீனமானது’, ‘நூலிழையில் தொங்குவது’. இப்போது கையை எடுத்தால், மெல்லிய, வலுவற்ற என்று பொருள்படும் ‘டெனுவஸ்’ கண்ணில் படும். கன்க்ளூசிவ் என்றால் முடிவானது; நேர் எதிர். கோப்பியஸ் என்றால் ஏராளமானது, பொருந்தாது. ‘நாவல்’தான் கண்ணிவெடி. நமக்கு அது புதினம். பெயரடையாக வரும்போது புதுமையான என்று பொருள். தேர்வு இன்று அதிகம் சோதிப்பது இப்படி இரண்டு வீட்டில் சோறு தின்னும் சொற்களைத்தான். ‘டெம்பர்’ என்றால் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும். வினையாக வந்தால் அது தணித்தல், மட்டுப்படுத்துதல். அட்டையில் ஒரே பொருளை எழுதி வைத்துக்கொண்டவருக்கு அந்த இரண்டாவது வீடு தெரியாது.

சரி, சொற்களை மனத்தில் நிறுத்துவது எப்படி? இங்கேதான் அட்கின்சன் திரும்ப வருகிறார். அவர் நிர்வாகி ஆவதற்கு முன் ஸ்டான்ஃபோர்டில் மனித நினைவை ஆராய்ந்த உளவியலாளர். 1975இல் மைக்கேல் ராவ் என்பவரோடு சேர்ந்து, ரஷ்யமொழி தெரியாத மாணவர்களுக்கு 120 ரஷ்யச் சொற்களை மூன்று நாளில் கற்றுக்கொடுத்துச் சோதித்தார். ஒரு பிரிவினருக்கு ஒரு தந்திரம் சொல்லித்தந்தார்கள். ரஷ்யச் சொல்லின் ஓசையில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொல்லைப் பிடி. அந்த ஆங்கிலச் சொல்லையும் உண்மைப் பொருளையும் சேர்த்து மனத்தில் ஒரு காட்சி வரை. ரஷ்யமொழியில் மணிக்கு ‘ஸ்வனோக்’. கடைசியில் ‘ஓக்’ என்று ஒலிக்கிறது. ஆகவே, ஓக் மரம் முழுக்க மணிகள் தொங்குகின்றன. மறுநாள் சோதித்தபோது இந்தப் பிரிவினர் 72 சதவீதச் சொற்களைச் சொன்னார்கள். மற்றவர்கள் 46 சதவீதம். ஆறு வாரம் கழித்தும் 43க்கு 28 என்று முன்னணியில் இருந்தார்கள். சொற்களை மனப்பாடம் செய்ய நல்ல வழி கண்டவரே, மனப்பாடத்தைக் கேட்ட தேர்வை எதிர்த்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மனப்பாடம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

அந்தத் தந்திரம் தமிழ்க் காதுக்கும் உதவும். ‘பால்ட்ரி’ என்றால் அற்பமான, மிகக் கொஞ்சமான. பெரிய அண்டாவின் அடியில் ஒட்டிக்கிடக்கும் ஒரு கரண்டிப் பாலை நினைத்துக்கொண்டால் போதும். ‘கோப்பியஸ்’ என்றால் ஏராளம். கல்யாண வீட்டில் டம்ளர் டம்ளராக வழியும் காப்பி. ஒருமுறை கண்ணுக்குள் வந்த காட்சி லேசில் போகாது.

ஆனாலும் நினைவு ஓட்டைச் சட்டிதான். 1885இல் ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே தன்னைச் சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே ஒழுகிவிடுகிறது என்று காட்டினார். ஒழுகுவதைக் குறைக்க வழி, திரும்பத் திரும்ப வாசிப்பதல்ல. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சில பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு மறுபடி வாசித்தது. இன்னொரு பிரிவு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மூடிவைத்து எழுதியவர்கள் முந்தியிருந்தார்கள். மஞ்சள் மையால் கோடு போட்டுப் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கு ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுவதன் காரணம் அந்த ஐந்து நிமிடம்தான்.

செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1970களில் சொல்லித்தந்த பெட்டி இதற்கு நல்ல கருவி. பெட்டிக்குள் சில அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை எடுத்துப் பார்ப்பது சில நாள் கழித்து. தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும், நாளையே மறுபடி. தெரிந்த சொல்லிடம் நேரத்தைக் கொட்டாமல் தெரியாததிடம் கொட்ட வைக்கிறது இந்தப் பெட்டி. இன்றைய கைபேசிச் செயலிகள் பலவும் செய்வது இதைத்தான்.

அட்டையில் ஒரு சொல்லைத் தனியாக எழுதுவதைவிட அதன் சொந்தபந்தத்தோடு எழுதுவது நல்லது. ‘கிரிகேரியஸ்’ என்று ஒரு சொல். கூட்டத்தோடு கலந்து பழகும் குணம் என்று பொருள். அதன் வேர் மந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல். அந்த மந்தையிலிருந்து எத்தனை ஆடுகள் வந்திருக்கின்றன என்று பாருங்கள். தேவாலயத்தில் கூடும் சபை ‘காங்கிரிகேஷன்’: மந்தையாகச் சேர்வது. கறுப்பர்களைத் தனிப் பள்ளியிலும் தனி இருக்கையிலும் ஒதுக்கிவைத்த ‘செக்ரிகேஷன்’: மந்தையிலிருந்து பிரித்து ஓட்டுவது. பிளஸ் டூ முடித்தவர்கள் எல்லோர் வாயிலும் வரும் ‘அக்ரிகேட்’ மதிப்பெண்: மந்தையில் கொண்டுவந்து சேர்ப்பது. ‘எக்ரீஜியஸ்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. மந்தையைவிட்டு வெளியே தனித்து நிற்பது என்பது அதன் வேர்ப்பொருள். முன்பு அது சிறந்து விளங்குபவரைப் பாராட்டும் சொல். காலப்போக்கில் கெட்டதில் தனித்து நிற்பதற்கு மட்டும் ஆகிவிட்டது. இன்று ‘எக்ரீஜியஸ் மிஸ்டேக்’ என்றால் மன்னிக்கவே முடியாத பிழை. ஐந்து சொல்லும் ஒரே அட்டையில் அடங்கிவிடுகின்றன. ஒன்று மறந்தால் இன்னொன்று கைகொடுத்து இழுத்துவரும்.

வேரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ‘எனர்வேட்’ காதில் ‘எனர்ஜி’ போல் விழும். பொருள் வலுவிழக்கச் செய்தல். ‘நாய்சம்’ சத்தத்தைக் குறிப்பதல்ல, துர்நாற்றத்தை. ‘ரெஸ்டிவ்’ என்றால் ஓய்வாக இருப்பவர் இல்லை, அடங்காமல் துடிப்பவர். இவற்றைத் திருத்தித் தருவது சொல் உட்கார்ந்திருக்கும் வாக்கியம் ஒன்றுதான். தினம் ஒரு நல்ல நாளிதழ்க் கட்டுரையோ, ஒரு சிறுகதையோ, அறிவியல் இதழின் இரண்டு பக்கமோ வாசித்து, தடுக்கிய சொல்லை அது வந்த வாக்கியத்தோடு அட்டையில் எழுதிக்கொள்ளும் பிள்ளைக்கு அட்டைகள் மெதுவாகத்தான் சேரும். சேர்ந்தவை நிற்கும்.

சொற்களைப் போலவே பிள்ளைகளைப் பட்டியல் தேட வைக்கும் இன்னொன்று, பேச்சிலும் எழுத்திலும் வரும் அணிகளின் பெயர்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் படித்து மே மாதம் எழுதும் ஏ.பி. ஆங்கில மொழித் தேர்வில் மூன்று கட்டுரைகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஒரு பேச்சையோ கடிதத்தையோ கொடுத்து, எழுதியவர் தன் கருத்தைக் கேட்பவர் மனத்தில் எப்படிப் பதிய வைக்கிறார் என்று ஆராயச் சொல்வது. உடனே பிள்ளைகள் பட்டியலைத் தேடி ஓடுகிறார்கள். பேச்சாளரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று அரிஸ்டாட்டில் வகுத்த ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸில் தொடங்கி, அனாஃபொரா, கயாஸ்மஸ், சினெக்டகி, லைட்டோட்டிஸ் என்று வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்கள் வரிசையாக வரும்.

பெயர் தெரிந்தால் மட்டும் மதிப்பெண் இல்லை. கட்டுரைக்கு மொத்தம் 6 மதிப்பெண். அதில் 4, ஆதாரம் காட்டி அது என்ன வேலை செய்கிறது என்று விளக்குவதற்கு. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பேசிய பேச்சை எடுத்துக்கொள்வோம். ‘கிங் அனாஃபொராவைப் பயன்படுத்துகிறார்’ என்று எழுதினால் அது வெறும் சீட்டு ஒட்டுவது. அடுத்தடுத்த வாக்கியங்களை ஒரே சொற்களில் தொடங்குவது அனாஃபொரா; அவ்வளவுதானே தெரிந்தது? அந்த வெயிலில் திறந்தவெளியில் இரண்டரை லட்சம் பேர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தேவாலயத்தில் பாதிரியார் ஒரு தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்ல, சபை பதில் குரல் கொடுத்துப் பழகியவர்கள் அவர்களில் ஏராளம். திரும்ப வரும் தொடக்கம் அவர்களுக்குக் காலூன்ற ஓர் இடம் தருகிறது. அடுத்து வருவதை எதிர்பார்க்க வைக்கிறது. எதிர்பார்த்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஊரின் பெயர், ஒரு புதிய நம்பிக்கை வந்து விழுகிறது. ‘எனக்கு ஒரு கனவு உண்டு’ என்று திரும்பத் திரும்பத் தொடங்கும் அந்தப் பகுதி எழுதிக்கொண்டு வந்த தாளில் இல்லை. அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டுத் தேவாலயப் பேச்சுக்கு மாறினார். இவ்வளவையும் மாணவர் எழுத வேண்டியதில்லை. ஆனால் ‘இந்தக் கூட்டத்துக்கு இந்த உத்தி ஏன்?’ என்ற கேள்விக்கு இரண்டு வரி பதில் இருந்தால் சீட்டு ஒட்டியவரைவிட அவர் வெகுதூரம் முன்னால் நிற்பார்.

நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ இந்தத் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு துணை இருக்கிறது. அது பல வீடுகளில் கண்ணில் படாமல் போகிறது. பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த அம்மாவோ அப்பாவோதான் அந்தத் துணை. ‘வெள்ளை மாளிகை மறுத்தது’ என்றால் மறுத்தது கட்டடமல்ல. கிரேக்கர்கள் ‘மெட்டானிமி’ என்றார்கள், பெயர் மாறுவது என்று அதற்குப் பொருள். ‘ஊர் சிரித்தது’ என்பதை நாம் ஆகுபெயர் என்கிறோம். பெயர் வைத்த காரணம்கூட ஏறக்குறைய ஒன்றே. பகுதி முழுமையைக் குறிக்கும் சினெக்டகியா? ‘தலைக்கு ஒரு பழம்’ என்று சினையாகுபெயருக்கு எடுத்துக்காட்டுப் படித்தவருக்கு அது புதிதல்ல. எதிர்மறையால் உயர்த்திச் சொல்லும் லைட்டோட்டிஸா? ‘அவர் சாதாரண ஆள் இல்லை’ என்று தினம் சொல்கிறோம். இரண்டு மரபும் கோட்டுக்குக் கோடு பொருந்திவிடாது. வாசல் திறக்க இவ்வளவு பொருத்தம் போதும்.

ஒரு சொல் பல சொற்களோடு சென்று பொருந்துவதைக் கிரேக்கம் ‘ஸூக்மா’ என்றது. நுகத்தில் பூட்டுவது என்று பொருள். தமிழ் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதற்கு நெருங்கிய ஒன்றைத் தீவகம் என்றது. தீவகம் என்றால் விளக்கு. ஓரிடத்தில் வைத்த விளக்கு அறை முழுக்க ஒளி தருவதுபோல, ஓரிடத்தில் நின்ற சொல் வாக்கியம் முழுக்கப் பொருள் தருகிறது. அவர்களுக்கு மாடு நினைவுக்கு வந்தது, நமக்கு விளக்கு. ‘மாட்டையும் மனைக்கட்டையும் மானத்தையும் ஒரே நாளில் விற்றான்’ என்று ஒரு வாக்கியத்தைப் பிள்ளைக்கு எழுதிக் காட்டலாம். விற்றான் என்ற ஒரே வினை மூன்றையும் பூட்டியிருக்கிறது. முதல் இரண்டும் சந்தையில் விலைபோகிறவை. மூன்றாவதும் அதே வினையில் மாட்டிக்கொண்டு, அதே சந்தையில், மாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மே மாதத் தேர்வில் இதுபோல் ஒரு வாக்கியம் வந்து, பதற்றத்தில் ஸூக்மா என்ற பெயர் மறந்தே போனாலும், மானம் ஏன் அங்கே நிற்கிறது என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் உண்டு.